வேண்டாமென்ற பங்கு

உருமாலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு இருளாண்டி நின்றார். தங்கையா செத்து அன்றைக்குப் பதினாறாம் நாள். கருமாதிப் பந்தலில் இருந்த நூறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் தலையில் தாய்மாமன் உருமால் கட்ட வேண்டும். இனி இந்த வீட்டுக்கு நீதான் தலை என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது. தங்கையாவுக்கு ஒரே மகன். அந்தக் காந்தன் தலையைக் குனிந்து காட்டாமல் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகூப்பினான்.

"வேணாம் மாமா."

"என்னாடா வேணாம்? குனி."

"அப்பாவ எட்டு வருசமா பாத்துக்கிட்டது தங்கச்சி. வீடு, நெலம், எல்லாம் அதுக்கே போவட்டும். எனக்கு ஒரு பங்கும் வேணாம். எல்லாரும் இருக்கிற எடத்துல சொல்லிட்டேன்."

பெண்கள் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு அண்ணனா என்று ஒரு குரல் கேட்டது. கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த இருசம்மாளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. காந்தன் மாமனிடம் பேசினாலும் கண்ணைக் கடைசி வரிசையில்தான் வைத்திருந்தான்.

பக்கத்தில் இருந்த வடிவேலு குனிந்து, "நமக்குச் சொல்றான் இருசு," என்றார்.

"தெரியிதுண்ணே."

இருளாண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எடுத்த உருமாலை மடித்துப் பைக்குள் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. சமையல் பக்கமிருந்து காந்தனின் தங்கை நிர்மலாதேவி வந்தாள். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க மாமா."

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சோறு வெந்ததா என்று பார்க்கப் போய்விட்டாள். யாரோ சிரித்தார்கள். காந்தனும் சிரித்தான்.

பந்தி போட்டதும் வடிவேலு எழுந்தார். இருசம்மாள் எழவில்லை.

"வந்தது வந்துட்ட, சாப்புடு."

"அந்த வீட்டுச் சோறு எனக்கு வேணாம்."

"சோறு என்னா பண்ணுச்சு ஒன்னைய? ஆட்டுக்கறிக்குக் காசு நம்மளுதாத்தான் இருக்கும். நான் ரெண்டு தடவ வாங்கித் திங்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு வடிவேலு போனார். சொன்னபடியே தின்றார்.

*

ஆறு வருசத்துக்கு முன்னால் தோட்டத்தை விற்றார்கள். ரப்பர் இருந்த காலத்தில் பால்வெட்டும், செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கும் வேலையுமாக இருசம்மாள் முப்பத்தைந்து வருசம் அங்கேயே இருந்தவள். லயத்து வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அப்போதுதான் காந்தன் கையில் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு லயத்துக்கு வந்தான். தங்கையா மகன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், பட்டணத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். தோட்டத்து ஜனங்களுக்கென்று தனித்தனி வீடு கட்டப் போவதாகச் சொன்னான். வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு மரம் போட்டிருந்தது.

இருசம்மாளும் புருசன் அங்கமுத்துவும் சேமநிதிக் காசு நாற்பத்திரண்டாயிரம் வெள்ளியைக் கொடுத்தார்கள். அதே நாளில் தோட்டத்து லாரி ஓட்டிய வடிவேலு பதினெட்டாயிரம் கொடுத்தார். இருசம்மாள் ரசீது கேட்டாள்.

"நமக்குள்ள என்னா பெரியம்மா ரசீது?" என்றான் காந்தன்.

"நீ எழுதிக் குடு தம்பி. எனக்கு ஞாபக மறதி."

அங்கமுத்துவுக்கே அது பிடிக்கவில்லை. தெரிந்த பிள்ளையிடம் காகிதம் கேட்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காந்தன் சிரித்துக்கொண்டே இரண்டு பேர் காசையும் சேர்த்து அறுபதாயிரம் என்று அவள் பெயரில் ஒரே ரசீதாக எழுதிக் கொடுத்தான். மற்ற ஒன்பது குடும்பங்களும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறுங்கையோடு காசைக் கொடுத்தன.

வீடு வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருசம் போனது. இருசம்மாளும் அங்கமுத்துவும் பாச்சாங்கில் மகள் அனுசியாவின் அடுக்குமாடி வீட்டில், நாலாவது மாடியில், கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். அங்கமுத்து செத்தது அந்தக் கூடத்தில்தான். சவப்பெட்டி மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. உடம்பைப் போர்வையில் கட்டி நாலு பேர் கீழே இறக்கினார்கள். மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில், இரண்டு மோட்டார்களை நகர்த்திவிட்டுப் பெட்டியை வைத்தார்கள். மழை சாய்வாக அடித்து ஒரு பக்கம் மாலை நனைந்தது.

அதற்குக் காந்தன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னான். "பெரியப்பாவுக்கு நானே ஒரு வீடு கட்டிக் குடுத்திருப்பேன். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டாரு."

மறு வாரமே இருசம்மாள் ரசீதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனாள். கோர்ட்டில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. ஆனால் எடுக்க ஒன்றுமில்லை. காந்தன் குடியிருந்தது வாடகை வீடு. ஓட்டிய காடி மனைவி ஷாமினி பெயரில். தீர்ப்பை இருசம்மாள் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இப்போது தங்கையா செத்துப் போனார். செர்காம் பக்கம் வீட்டோடு ஒன்றரை ஏக்கர் விட்டுப் போயிருந்தார். உயில் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி.

*

"அதான் வேணாம்ங்கிறாரு," என்றான் வக்கீல் ஆபீஸ் கிளார்க் புவனேந்திரன். "கைக்கு வந்தா ஒங்களுக்குக் குடுக்கணும். வரலன்னா ஒங்களால தொட முடியாது. தங்கச்சி பேர்ல போட்டு, அப்புறம் மெதுவா வாங்கிக்குவாரு. இது ரொம்ப பழைய வேல ஆண்ட்டி."

"அத விட்டுர்றதா?" என்றார் வடிவேலு.

"விடத் தேவையில்ல அங்கிள். கடன்காரங்கள ஏமாத்துறதுக்காகவே சொத்த வேணாம்னு சொன்னா, கோர்ட்ல அத ஒடைக்கப் பாக்கலாம். மொதல்ல ஜாசின் லேண்ட் ஆபீஸ்ல விசாரண வரும். ஆண்ட்டிக்கும் லெட்டர் வரும். ஆபீசர் கேப்பாங்க, யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கான்னு. ஆண்ட்டி எந்திரிச்சு, மலாய்ல 'அடா பந்தாஹான், புவான்'னு சொல்லணும். ஆட்சேபம் இருக்குங்கம்மான்னு அர்த்தம். தீர்ப்பக் காட்டணும். அதோட அது நின்னுரும். மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்லா. மூனே வார்த்த."

திரும்பும்போது வடிவேலு காடியில் பாட்டுப் போட்டார். அவருடைய காடி பழசு. கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் இருசம்மாளை ஏற்றி இறக்கியே கதவுப் பிடி கழன்றிருந்தது. ஒரு நாளும் பெட்ரோலுக்குக் காசு கேட்டதில்லை. "பதினெட்டாயிரம் வந்துச்சுன்னா முட்டிக்கு ஆப்பரேசன் பண்ணிக்குவேன்," என்றார். "நீ?"

"எங்க அடுக்குமாடியில கீழ் வீடு விக்கிறாங்க. இருவதாயிரம் முன்பணம் கேக்குறாங்க."

"கீழ் வீடுன்னா நல்லதுதான். ஏற வேணாம்."

தன் பெட்டியை எடுத்து வரும்போது திரும்புவதற்கு வளைவும் இருக்காது என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை.

*

இருசம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. மற்ற நாள்களில் விடிவதற்கு முன்பே பாச்சாங் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். பத்து மணிக்கு மேல் பாத்திரம். அந்தச் செவ்வாய்க்கிழமை தனியாக பஸ் ஏறிச் செர்காமுக்குப் போனாள். நிர்மலாதேவியை நாலு வார்த்தை கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டு முன்கூடத்தில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக் கருவாட்டைக் குவித்திருந்தாள் நிர்மலாதேவி. தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். கடைக்காரர்கள் கிலோ கணக்கில் கூலி தருவார்கள்.

"வாங்க பெரியம்மா. பசியாறுனீங்களா?"

"நான் பசியாற வரல."

"அது தெரியிது. ஒக்காருங்க, மழ வருது."

இருசம்மாள் உட்கார்ந்தாள். "ஒங்கண்ணன் கூத்து கட்டுறான். நீ மேடையாட்டம் நிக்கிற. ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இன்னிக்கி முப்பது கிலோ இருக்கு. வெக்கப்பட நேரமில்ல."

"எங்காசு அது. முப்பத்தஞ்சு வருசம் நானும் எம்புருசனும் குனிஞ்சு எடுத்த காசு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒத்துப் போறியா? எப்ப மாத்தி எழுதிக் குடுக்குறதா பேச்சு?"

நிர்மலாதேவி ஒரு நெத்திலியைப் பிரித்துப் போட்டாள். "பட்டா எம்பேருக்கு வந்த மறுநாளே ஷாமினி பேருக்கு. அது அவன் பேச்சு."

"ஒம்பேச்சு?"

"நான் ஒன்னும் பேசல. அவன்தான் பேசினான். நான் சரி சரின்னு கேட்டுக்கிட்டேன்."

மழை தகரக் கூரையில் இறங்கியது. சத்தம் தணியக் கொஞ்ச நேரம் ஆனது. இருசம்மாளின் கை தானாக நெத்திலியை எடுத்துக் கிள்ள ஆரம்பித்திருந்தது.

"போன வாரம் ஒரு காயிதம் டைப் அடிச்சுக் கொண்டாந்தான்," என்றாள் நிர்மலாதேவி. "நான் திருப்பிக் குடுத்துருவேன்னு கையெழுத்து வைக்கணுமாம். கூடப் பொறந்தவகிட்ட காயிதம் வாங்குறியே, இருளாண்டி மாமாவுக்குத் தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாரான்னு கேட்டேன். மொகம் சுண்டிப் போச்சு. 'ஆமால, நமக்குள்ள என்னா'ன்னுட்டு மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டான்."

இருசம்மாளின் கை நின்றது.

"அப்ப, நீ குடுக்க மாட்ட."

"மாட்டேன்."

"நான் எப்பிடி நம்புறது?"

"நீங்க நம்பி எனக்கு என்னா ஆவப் போவுது? கேட்டீங்க, சொல்றேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அப்பாவுக்குக் கை கால் விழுந்தப்ப தங்கா பத்துவுல இருந்த வாடக வீட்ட விட்டுட்டு இங்க வந்தேன். மாசம் முந்நூறு வெள்ளி தரேன்னான். எட்டு வருசத்துல நாலு தடவ குடுத்தான். அப்பா கார்டு அவன்கிட்ட. பென்சன் வர்ற அன்னிக்கே எடுத்துருவான். எம்மவ வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீர் வரும்னு எரநூறு பேருக்குச் சோறாக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எல்லாரும் கை கழுவின பொறவு ஒரு பெட்டி ஆரஞ்சோட வந்தான். போறப்ப பெட்ரோலுக்கு அம்பது வெள்ளி வாங்கிட்டுப் போனான்."

"ஆரஞ்சா?"

"அதுலயும் மேல் வரிசதான் நல்லது."

இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிர்மலாதேவியும் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் இருசம்மாள் கேட்டாள், "அப்ப எம்பணம்?"

"அது அவன்கிட்ட. நான் தர மாட்டேன் பெரியம்மா. ஒங்ககிட்ட பொய் சொல்ல விருப்பமில்ல. இந்த நெலத்துல ஒரு அடி விக்க மாட்டேன்."

"நான் ஆட்சேபம் சொல்லுவேன். வக்கீல் சொல்லிட்டாரு, ஒடச்சிரலாம்னு."

"சொல்லுங்க. ஒங்களுக்கு உரிம இருக்கு. ஆனா ஒன்னு யோசிச்சுக்குங்க. இந்த நெலம் இன்னிக்கி நாலு லட்சம் போவுது. அவன் பாதி ரெண்டு லட்சம். நீங்க ஜெயிச்சா அவன் வேணாம்னது செல்லாது. அந்த ரெண்டு லட்சம் அவன் பேருக்குத் திரும்பி வரும். ஒங்களுக்கு அறுபது போவும். மிச்சம் நூத்தி நாப்பதாயிரம் யாருக்கு?"

இருசம்மாள் கையிலிருந்த நெத்திலியைக் குவியலில் திருப்பிப் போட்டாள்.

"நீங்க பேசுனா ஒங்களுக்கும் வரும், அவனுக்கும் வரும். பேசலன்னா ஒங்களுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல." நிர்மலாதேவி குடலை வழித்துத் தகரத்தில் போட்டாள். "இதச் செய்யுங்கன்னு நான் சொல்லல."

மழை விட்ட பிறகும் இருசம்மாள் எழவில்லை. குவியல் பாதியானபோது சொன்னாள். "எனக்கு ஒன்னு வேணும் தேவி. நீ அவன்கிட்ட இல்லன்னு சொல்ற அன்னிக்கி, நான் இங்க இருக்கணும்."

"மறைஞ்சு நின்னா?"

"இல்ல. அவன் மொகத்துக்கு நேரா."

*

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் வெங்காயம் உரிக்கும்போது இருசம்மாள் கணக்குப் போட்டாள். கீழ் வீட்டைத் தினமும் கடந்துதான் போனாள். ஜன்னல் கம்பிக்குப் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். முன்பணத்தை வேறு யாரோ கொடுக்கப் போவதாக அனுசியா சொன்னாள். "கேஸ் எப்பம்மா முடியும்?" என்று கேட்டாள். மருமகன் கேட்கவில்லை, ஆனால் கூடத்தில் பாயைத் தாண்டிப் போகும்போது பெருமூச்சு விட்டார்.

நூற்றி நாற்பதாயிரம் வைத்து அவன் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தாள். புதுக் காடி வாங்குவான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேறு யார் சாவுக்காவது போவான். எதையாவது சொல்வான்.

விசாரணை அன்று வடிவேலுதான் ஜாசினுக்குக் கூட்டிப் போனார். பெயர் இருப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றதால் அவர் எதிர்த்தாற்போலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். "மூனு வார்த்த. மறந்துறாத."

குளிரூட்டிய சின்ன அறை. மூக்குக் கண்ணாடி போட்ட மலாய்க்காரப் பெண் அதிகாரி நிதானமாகப் பேசினார். சொந்த விருப்பத்தில்தான் பங்கை விடுகிறீர்களா என்று காந்தனை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் "ரெலா, புவான்," என்றான் காந்தன், விருப்பத்தோடுதான் என்று. மூன்றாவது தடவை குரலைத் தழுதழுக்கவும் வைத்தான். நிர்மலாதேவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி இருசம்மாள் பக்கம் திரும்பினார். காந்தன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். பிளாஸ்டிக் உறை அவள் மடியில் இருந்தது. அவள் எழுந்தாள்.

"தாக் அடா பந்தாஹான், புவான்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆட்சேபம் இல்லையா, நிச்சயமா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்று இருசம்மாள் மறுபடியும் சொன்னாள்.

நடைபாதையில் காந்தன் ஓடி வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரியம்மா, இந்த மனசு யாருக்கு வரும்? ஒங்க பணத்த நான் மறக்கல. அடுத்த மாசம்..."

"அவசரமில்ல தம்பி."

தேத்தண்ணிக் கடையில் வடிவேலு இரண்டாவது கோப்பையில் இருந்தார். "என்னா ஆச்சு?"

"தள்ளி வச்சிட்டாங்கண்ணே."

"எப்பத்துக்கு?"

"லெட்டர் போடுவாங்களாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அவளுக்கும் ஒரு தே சொன்னார். காசையும் அவரே கொடுத்தார். அதற்குப் பிறகு வாரா வாரம் போன் செய்து லெட்டர் வந்ததா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்று அவள் வாரா வாரம் சொன்னாள். வக்கீல் ஆபீசுக்கு நேரே போய்க் கேட்கட்டுமா என்றபோது, வேண்டாம், அதற்கும் காசு கேட்பார்கள் என்றாள்.

*

நாலு மாதம் கழித்து நிர்மலாதேவி போன் செய்தாள். "பட்டா எம்பேருக்கு வந்துருச்சு பெரியம்மா. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரான்."

தேவி ஏதோ பேசணும் என்கிறாள் என்று வடிவேலுவிடம் சொன்னாள் இருசம்மாள். அவர் அவளை வாசலில் இறக்கிவிட்டு, இவ்வளவு தூரம் வந்ததற்கு மீன் வாங்கி வருகிறேன் என்று கடற்கரைப் பக்கம் போனார்.

காந்தன் ஷாமினியோடு வந்தான். புதுச் சட்டை, கையில் ஒரு கோப்பு. சாப்பாட்டு மேசையில் தே குடித்துக்கொண்டிருந்த இருசம்மாளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"பெரியம்மா இங்க...?"

"தேவி கூப்புட்டுச்சு. ஒக்காருப்பா."

உட்கார்ந்தான். கோப்பைத் திறந்து படிவங்களைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தான். பேனா மூடியைக் கழற்றி அதையும் வைத்தான். "மூனு எடத்துல கையெழுத்து. பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன்."

"எதுக்கு?" என்றாள் நிர்மலாதேவி.

"மாத்துறதுக்கு."

"எத மாத்துறதுக்கு?"

"நெலத்தத்தான்."

"நீதான் வேணாம்னியே."

காந்தன் சிரித்தான். ஷாமினியைப் பார்த்துச் சிரித்தான், இருசம்மாளைப் பார்த்துச் சிரித்தான். யாரும் கூடச் சேரவில்லை. சிரிப்பு வாயில் தங்கி, கண்ணிலிருந்து மட்டும் போனது.

"வெளையாடாத தேவி."

"நான் வெளையாடல. லேண்ட் ஆபீஸ்ல அந்த அம்மா மூனு தடவ கேட்டுச்சு. மூனு தடவையும் ரெலான்ன."

"நமக்குள்ள பேசிக்கிட்டோமே."

"எங்க? காட்டு."

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. போனை எடுத்து இருளாண்டி மாமாவைக் கூப்பிட்டான். விசயத்தைச் சொன்னான். எதிர்ப்பக்கம் சொன்னது மேசையைச் சுற்றி எல்லாருக்கும் கேட்டது. "நூறு பேர் முன்னாடி எம்மூஞ்சில கரியப் பூசுனியேடா. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் புள்ளகிட்ட நான் பேசுவேன்?" போன் அணைந்தது.

ஷாமினி புருசனிடம் தணிந்த குரலில், "வாடக மூனு மாசம் நிக்கிது," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இருசம்மாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தனின் மேலுதட்டில் வேர்வை வந்தது. காதோரம் சிவந்தது. பேனா மூடியை எடுத்தான், போட்டான், எடுத்தான். இந்த முகத்தை அவள் வெகுநாளாக மனசில் வரைந்து வைத்திருந்தாள். வரைந்ததைவிட மெதுவாக நடந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

திடீரென்று அவன் அவள் பக்கம் திரும்பினான். "பெரியம்மா, நீங்க அன்னிக்கி ஏன் ஆட்சேபம் சொல்லல?"

"எனக்கு இல்ல. அதான் சொல்லல."

"ஒங்களுக்குத் தெரியும். தேவி சொல்லியிருக்கு."

அவள் ஒரு வாய் தே குடித்தாள்.

அவன் பேனாவை மூடி வைத்தான். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்தான். "இப்பவும் சொல்லலாம் பெரியம்மா. கடன்காரங்க கேஸ் போட்டா அந்த ஆர்டர் நிக்காதுன்னு எங்க லாயர் அப்பவே சொன்னாரு. அதுக்குத்தான் நான் பயந்துகிட்டே இருந்தேன். நான் போட முடியாது, நீங்க போடலாம். நானே கோர்ட்ல வந்து சொல்றேன், பெரியம்மாவ ஏமாத்துறதுக்குத்தான் வேணாம்னேன்னு. எழுதிக்கூட தரேன்."

"ரசீது மாதிரியா?"

"எப்பிடி வேணாலும். மொதல்ல ஒங்க அறுபதாயிரம். முழுசா. வட்டியோட."

"ஒனக்கு எவ்ளோ வரும்?"

அவன் ஷாமினியைப் பார்த்தான்.

"சொல்லுப்பா. நான் கணக்குல மட்டம்."

"செலவு போவ... நூத்தி இருவது, நூத்தி முப்பது."

"ம்." அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "அவசரமில்ல தம்பி."

வாசலில் வடிவேலுவின் காடி வந்து நின்றிருந்தது. அவர் மீன் பையோடு இறங்கி நின்று ஐஸ் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் செருப்பை மாட்டுவதற்குள் காந்தன் அவளைத் தாண்டி ஓடினான்.

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. பெரியம்மா கேஸ் போட்டா ஒங்க பதினெட்டும் வந்துரும். மாட்டேங்குது."

"கேஸ்தான் நடக்குதே," என்றார் வடிவேலு. "தள்ளி வச்சிருக்காங்கல்ல."

"அது முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு மாமா. ஆட்சேபம் இல்லன்னு சொல்லிட்டு வந்துருச்சு."

பையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை. "நெசமா இருசு?"

"நெசந்தாண்ணே."

"லெட்டர் வரலன்ன."

"சொன்னேன்."

"இப்ப கேஸ் போட்டா காசு வருமா?"

"வரும். இவனுக்கும் வரும்."

"இவனுக்கு வந்தா எனக்கென்னா? என் பதினெட்டு வருதுல்ல?" அவர் சத்தம் போடவில்லை. "அங்கமுத்து ஒனக்குப் புருசன். எனக்குக் கூட்டாளி. அவ்ளோதான். அவனுக்குப் படையல் போட எங்காசா கெடச்சிச்சு ஒனக்கு?"

இருசம்மாள் காடிப் பக்கம் ஓரடி வைத்தாள். வடிவேலு மீன் பையை முன்சீட்டில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். கழன்ற கதவுப் பிடியை இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே சுற்றிப் போய் ஏறினார். காடி போய்விட்டது.

பஸ் நிற்கும் இடம் ஒரு மைல். இருசம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஷாமினியைத் தங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு அவன் வந்துகொண்டிருந்தான்.

"பெரியம்மா, ஒரு நிமிசம். பெரியப்பா மேல சத்தியமா தரேன். ஒங்களுக்குப் பாதி தரேன். எழுபது. எண்பது. பெரியம்மா."

அவள் திரும்பவில்லை. மீன் சுடும் கடைகளின் முன்னால் ஆட்கள் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார்கள். அவன் நூறு என்றான். பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டு அவளை மட்டும் கூப்பிட்டான்.

பாலத்து மேட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியது. செருப்புச் சத்தம் பின்தங்கியது. இருசம்மாள் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். சத்தம் மறுபடியும் நெருங்கி வந்ததும் பழைய வேகத்தில் நடந்தாள்.